சார்மினார் தோசையும் பேச்சியம்மாள் கம்பெனியும்

என் செல்ல அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். பக்கத்தில் தாத்தா இருந்தால் அவரிடமும் வேண்டாம். அவர் ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்திருக்க மாட்டார், அங்கேயும் அப்படித்தான் இருப்பார். தவறி இது வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள். எங்கள் அம்மாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் அதுதான். பள்ளியில் எல்லோருக்கும் தெலுங்குதான், யார் கையில் சிக்கினாலும் ஒரு எழுத்துகூடப் புரியாது. மாமா ஹாலில் படுத்திருக்கிறார், அவர் எழுத்துக்கூட்டி முதல் பக்கம் முடிப்பதற்குள் தூங்கிவிடுவார். இந்த வீட்டில் இதைக் கடகடவென்று படிக்கக்கூடியவள் அம்மா ஒருத்திதான். அவள் உள்ளறையில் போர்வைக்கு மேல் போர்வை போட்டுப் படுத்திருக்கிறாள்.

அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பா. அது என்னால்தானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து ஊர்க்காரர்கள் ரயிலேறிப் போன அன்று, அம்மா என் வலது கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "ஸ்கூல் பஸ் ஏறுத எடம், எறங்குத எடம். அதத் தாண்டி ஒத்தையில ஒரு ரோட்ட நீ கடக்கக் கூடாது. எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுட்டி" என்றாள். பண்ணினேன். உங்களை லாரி அடித்த அந்தச் சாலை வழியாகத்தான் அவள் தினமும் வேலைக்குப் போகிறாள். அந்த இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்ட பிறகுதான் திறப்பாளாம். ஒரு நாள் அவளே சொன்னாள்.

தலையில் அடித்த சத்தியத்தை மீறினால், யார் தலையோ அவர்களுக்குத்தான் ஆகும் என்பார்கள். நீங்கள் அதையெல்லாம் நம்ப மாட்டீர்கள். நானும் பகலில் நம்புவதில்லை.

இன்று காலை நான் அந்தச் சத்தியத்தை மீறினேன். சாயங்காலம் அம்மா நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

முறையாகச் சொல்லாமல் எங்கேயோ போகிறேன். முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு உங்கள் ஃபாக்டரியிலேயே வேலை கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் அட்டெண்டர். அதனால் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் போகவில்லை, நீங்கள் ஒட்டிய பச்சை இலைக்கொடிக் காகிதம் ஜன்னலில் அப்படியே இருக்கிறது. அம்மா கழுத்தில் பாஸ் மாட்டிக்கொண்டு போகிறாள். போட்டோவில் திருடியைப் பிடித்த மாதிரி முழிக்கிறாள். தெலுங்கு நன்றாக வருகிறது. உங்கள் ஸ்கூட்டரை யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை துடைத்துக் குங்குமம் வைக்கிறாள். நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். நீங்கள் இருந்தவரை நான் எல்லாவற்றுக்கும் தெலுங்கில்தானே பதில் சொல்வேன்? இப்போது தமிழில்தான். அம்மாவுக்குத் தமிழில் பேச இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

நாளை உங்கள் தலைத்திவசம். போன வாரம் மாமா அதற்காக ஊரின் மறுகோடி, சைனிக்புரியிலிருந்து வந்தார். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மச்சானுக்குப் பிடிச்சது என்னென்னன்னு சொல்லு. எலையில எதுவும் கொறையக் கூடாது."

"அவுகளுக்குப் பிடிச்சதா? எங்கிட்ட ஏன் கேக்க? சார்மினார்ல தோசைக் கடை வச்சிருக்கானே, அவன்ட்டப் போய்க் கேளு."

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"நெசமாத்தான்டா சொல்லுதேன். ஞாயித்துக்கெழம காலையில இட்லிய அவிச்சு வச்சுட்டு உக்காந்திருப்பேன். இவுக ஸ்கூட்டர எடுத்து, பிள்ளையையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பிருவாக. திரும்பி வந்து, நான் மூஞ்சியத் தூக்கக் கூடாதுன்னு ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுட்டு 'ஹவ், நல்லாருக்கு'ம்பாக. அதுலயும் 'ஆமா' கெடையாது, இந்த ஊரு ஹவ். இத்தன வருசம் பொங்கிப் போட்டிருக்கேன், என் கையால அவுக ஆசப்பட்டுத் தின்னது எதுன்னு எனக்கே தெரியல. என்னத்தப் படைக்க? நீ கேட்டரிங்ல சொல்லிரு. நாலு கூட்டு, ஒரு பாயசம்னு அவன் என்னத்தையாச்சும் கொண்டாரட்டும்."

அழுதிருந்தால்கூட எனக்கு இப்படி இருந்திருக்காது. அவள் பாட்டுக்கு நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கேட்டரிங்காரன் எதை வேண்டுமானாலும் கொண்டு வரட்டும். உங்கள் இலையில் அந்தக் கடைத் தோசை இருக்க வேண்டும். எப்படியாவது வாங்கி வந்து, யாரும் பார்க்காதபோது இலையின் ஓரத்தில் வைத்துவிடுவது. நாளைக் காலை வீடு முழுக்க ஆள் இருக்கும், நகர முடியாது. அதனால் இன்றே வாங்கி ஃப்ரிட்ஜில் ஒளித்துவைப்பது. பள்ளியில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். அம்மாவுக்கும் ஆபீஸ் உண்டு. அவள் பஸ் போனதும் நான் கிளாஸுக்குப் போகாமல் யூனிஃபார்மோடு கிளம்பினேன்.

சந்தோஷ்நகரில் சாலை ஓரத்தில் நின்றவள், நின்றுகொண்டே இருந்தேன். கால் வரவில்லை. ஒவ்வொரு லாரிக்கும் பின்வாங்கினேன். கடைசியில் கைக்குழந்தையோடு பர்தா போட்ட ஒரு பெண், கேட்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்து, "சல்" என்று இழுத்துக்கொண்டு கடந்தாள். அந்தப் பக்கம் போனதும் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அப்படியென்றால் நான் ஒத்தையில் கடக்கவில்லைதானே, அப்பா? அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வந்தேன்.

உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் அந்த வழியைச் சரியாகப் பார்த்ததே இல்லை. உங்கள் சட்டையும் ஹெல்மெட்டும்தான் தெரியும். இன்று ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தெருவுக்குத் தெரு ஊர் சின்னதாகி, பழையதாகி, கடைசியில் மின்கம்பிகளுக்கு நடுவே திடீரென்று சார்மினாரின் நான்கு கோபுரங்கள் நின்றன. புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தன. எத்தனையோ முறை வந்த இடம். ஆனால் இவ்வளவு பெரியது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே? பயத்தில் இருக்கும்போது பார்ப்பதெல்லாம் பெரிதாகத் தெரியுமா?

நம் சந்து அப்படியே இருக்கிறது. நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்தி என்னை உட்கார வைக்கும் அத்தர் கடை வாசல், பாதி இறக்கிய அதன் ஷட்டர். "எறங்காத, கூட்டத்துல மிதிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே புகுந்துவிடுவீர்கள். வெகுநேரம் கழித்து, இரண்டு தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வெளியே வருவீர்கள். எனக்குத் தெரிந்த கடை அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

இன்று உள்ளே போனேன்.

அந்தத் தோசைக்கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நம் வீட்டுக் கதவைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. கல்லுக்குப் பின்னால் வெள்ளை மீசையோடு ஒருவர். தண்ணீரை அள்ளித் தெளித்தார், புகை எழுந்தது, துடைப்பத்தால் ஒரு வீச்சு. புகை விலகுவதற்குள் வரிசையாக மாவு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கை உப்புமா, வெண்ணெய், வெங்காயம், தக்காளி, சிவப்புப் பொடி. எல்லாவற்றையும் கரண்டியால் தேய்த்து, மடித்து, தட்டில் தள்ளினார். காரில் வந்தவர்கள், மார்க்கெட் சுமைக்காரர்கள், காலேஜ் பையன்கள் எல்லோரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். எல்லாரும் அவர் கையையே பார்த்தார்கள். கோயிலில் தீபாராதனையின்போதுதான் இப்படி ஒரு கூட்டம் ஒரே இடத்தைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

என் தட்டு வந்தது. ஓரமாகத் திரும்பி நின்று, உங்களை நினைத்துக்கொண்டு, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன்.

அப்பா, நன்றாக இல்லை.

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. கெட்டுப்போன ருசி என்று சொல்ல முடியாது. தோசை இருந்தது, வெண்ணெய் இருந்தது, வாய் எரிகிற மாதிரி காரமும் பூண்டும் இருந்தது. உப்புமா நாக்கில் மெத்தென்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். நான் ஒரு வருஷமாக நாக்கிலேயே வைத்திருந்த அந்த ருசியை மட்டும் காணோம். இன்னொரு துண்டு எடுத்தேன். நடுவிலிருந்து எடுத்தேன், ஓரத்திலிருந்து எடுத்தேன். எங்கேயும் இல்லை. உங்களோடு அதுவும் போய்விட்டதா? இல்லை, நீங்கள் பக்கத்தில் நின்றதுதான் அந்த ருசியா? பாதித் தட்டைத் திட்டில் வைத்துவிட்டேன்.

மீசைக்காரர் பார்த்துவிட்டார். அவர் பெயர் யாதகிரி, எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "கைக்கு பேட்டா? நக்கோ?" என்றார். ஏன் மகளே, வேண்டாமா என்று. அதற்கப்புறம் அவர் ஹிந்தியும் தெலுங்கும் கலந்து பேசியதையெல்லாம் நம் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன், உங்களுக்கு அவர் குரலே கேட்கும்.

நான் பேசாமல் வந்திருக்கலாம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு, அங்கிள்."

பக்கத்தில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையன், "வாங்க மேடம், நீங்க எந்தச் சமையல் சேனல்?" என்றான். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

யாதகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கப்பா காலத்துலேர்ந்து இதே மாவு, இதே உப்புமா, இதே வெண்ணெய். மாறுனது அடுப்பு மட்டும்தான். முன்னாடி கரி, இப்ப கேஸ். நீ என்ன, கரியைத் தின்னவளா?"

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை. "பொடி வேற, அங்கிள். செவப்பா இருக்காது. கறுப்பா இருக்கும். எள்ளு தெரியும். கடிச்சா நறநறன்னு, லேசாக் கருகின உளுந்து வாசம் அடிக்கும்."

அவர் கரண்டி நின்றது. கல்லில் ஒரு தோசை கருகுவதை அவர் கவனிக்கவே இல்லை. என் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"அத்தர் கடை வாசல்ல, ஸ்கூட்டர்ல உக்காந்திருக்குமே ஒரு சின்னப் பொண்ணு. அதுவா நீ?"

"ஹவ்" என்றேன். உங்கள் ஹவ்.

"அரே," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், "பொடி சாப் பொண்ணு."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தட்டோடு முன்னால் வந்தார். பக்கத்துத் தெருவில் வளையல் கடை வைத்திருப்பவராம், எல்லோரும் சாச்சா என்றார்கள். "பொடி சாப் பொண்ணா? எங்கம்மா அவரு? எங்களுக்கு ருசியைக் காட்டிட்டு ஓடிப் போயிட்டாரே மனுஷன்."

எனக்கு எதுவும் புரியவில்லை, அப்பா. பொடி சாப், பொடி ஐயா, என்றால் யார்? யாதகிரிதான் சொன்னார். நீங்கள் முதல் முறை வந்தபோது, அவர் சிவப்புப் பொடியை எடுத்ததும் கையைத் தட்டிவிடாத குறையாக, "தேரா நக்கோ, மேரா ஹை" என்றீர்களாம். உன்னுடையது வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

"எனக்கு வந்துச்சே கோபம். என் கடைக்கு வந்து என் பொடி வேண்டாம்ங்கறான் ஒருத்தன். ஜேப்பிலேர்ந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாரு. தோசை மேல தூவினாரு. நான் மொறைச்சேன். அவரு ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு. நாக்குல வச்சேன், திரும்பவும் கையை நீட்டினேன்."

சாச்சா சொன்னார், "ஞாயித்துக்கிழமை நாங்க கொஞ்சப் பேரு இந்தத் தோசைக்கா வந்தோம்? உங்கப்பாவுக்காக நின்னோம் பேட்டா. ஸ்கூட்டர் சத்தம் கேட்டாத்தான் நான் ஆர்டரே சொல்வேன். மகா கஞ்சன் அவரு. ஆளுக்கு ஒரு சிட்டிகை, மேல கேட்டா டப்பாவை மூடிடுவாரு. வீட்டுல கண்டுபிடிச்சிடுவாங்கம்பாரு."

அப்பா, அப்பா. "பொடி டப்பா எப்படிட்டி காலியாகுது? அள்ளி அள்ளித் திங்கியா? வயிறு வெந்துரும்" என்று அம்மா என்னைத்தானே திட்டுவாள்? நீங்கள் அந்த நேரத்தில் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொள்வீர்கள். உள்ளே இருந்து பேப்பர் குலுங்கும். ஏதோ சிரிப்புச் செய்தி என்று நினைத்துக்கொள்வேன்.

"டப்பா மூடியில என்னமோ எழுத்து வெட்டியிருக்கும்," என்றார் சாச்சா. "என்ன இதுன்னு கேட்டேன். கம்பெனி பேருன்னாரு. எந்தக் கம்பெனி? பேச்சியம்மாள். எந்த ஊரு? மதராஸ் தாண்டின்னாரு. நான் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு மோண்டா மார்க்கெட் முழுக்க அலைஞ்சிருக்கேன். ஒரு கடைக்காரன், அப்படி ஒரு பிராண்டே இல்ல, போய்யாங்கறான். வந்து இவர்கிட்ட சண்டை போட்டேன். சிரிச்சிக்கிட்டே சொல்றாரு, 'அவசரப்படாதீங்க சாச்சா, ஒரு நாள் கம்பெனி முதலாளியவே இங்க கூட்டிட்டு வரேன். நேராக் கேட்டு வாங்கிக்குங்க.' எங்க? ஆளே காணோம்."

"வேற கடை பிடிச்சிட்டாரா?" என்று யாதகிரி கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

நான் அதை இதுவரை என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் டீச்சர் சொன்னார், பக்கத்து வீட்டில் மாமா சொன்னார். சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் எனக்கு முன்னால் யாராவது சொல்லிவிட்டார்கள். இன்று யாரும் இல்லை. "அப்பா இல்ல, அங்கிள். நாளைக்கு வருஷம்" என்றேன்.

யாதகிரி குனிந்து அடுப்பைச் சின்னதாக்கினார். கல்லின் சத்தம் அடங்கியதும்தான் அந்தச் சந்தில் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. சேனல் கேட்ட பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சாச்சா கையிலிருந்த துண்டைச் சாப்பிடாமல் தட்டிலேயே வைத்தார்.

யாதகிரி துண்டில் கையைத் துடைத்தார். சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்குக் கீழே, ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்து எதையோ எடுத்தார். மேலே சாம்பல் படிந்திருந்தது. அதை ஊதித் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தார். "கடைசியா வந்த அன்னிக்கு மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு. வருவாரு, குடுக்கலாம்னு இருந்தேன். யாரையும் தொட விடல."

அம்மாவின் சின்ன எவர்சில்வர் டப்பா, அப்பா. அவள் சீர்வரிசையில் வந்த பாத்திரங்களில் ஆகக் குட்டி. பெருங்காயம் போட்டு வைப்பாளே, "எம்பேரு போட்ட டப்பாவ எந்தக் களவாணி எடுத்தான்" என்று உங்களிடமே கேட்டாளே, அதுதான். மூடியில் புள்ளி புள்ளியாகப் பாத்திரக்கடைக்காரன் வெட்டிய எழுத்து. எழுத்தின் மேல் விரலை வைத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சியம்மாள்.

"கம்பெனி இல்ல," என்றேன். "எங்க அம்மா."

சாச்சா கண்ணாடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பவும் மாட்டிக்கொண்டார். "அப்ப முதலாளின்னாரே," என்றார் மெதுவாக. யாதகிரி, "ஹவ். முதலாளிதான்" என்றார்.

அப்பா, அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று எழுதத் தெரியவில்லை. இத்தனை பெரிய ஊர், இத்தனை பழைய சந்து, தலைமுறை தலைமுறையாக இதே ருசிதான் என்று மார்தட்டுகிற கடை. அதற்கு நடுவே குவார்ட்டர்ஸ் அடுக்களையில் அம்மா வறுத்து அரைத்த பொடிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவள் பெயரைச் சொல்லி ஒருவர் மார்க்கெட் முழுக்கத் தேடியிருக்கிறார். அதே நேரத்தில் அவள் இட்லியை அவித்து வைத்துவிட்டு, இவருக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்து அவள் பொடியைத் தின்றுகொண்டே, இந்தக் கடை மாதிரி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை, அப்பா? சொன்னால் "ஐயய்யோ, கடைக்காரன் என்ன நெனப்பான்" என்று டப்பாவைப் பிடுங்கி வைத்திருப்பாள், அது எனக்கும் தெரியும். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், ஒன்றும் சொல்லாமல் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி, அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தீர்களா? எந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

கிளம்பும்போது யாதகிரி கல்லைக் கழுவித் துடைத்து, புதிதாக ஒரு தோசை ஊற்றினார். உப்புமா இல்லை, வெங்காயம் இல்லை, அவர் பொடியும் இல்லை. உருதுப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "இதுல நான் ஒண்ணும் போடல. மிச்சம் உங்க வீட்டுல இருக்கு" என்றார். "முதலாளியம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வா பேட்டா."

நம் வீட்டில் பொடி இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் போனதிலிருந்து அம்மா பொடி அரைக்கவே இல்லை, அப்பா. வறுக்கும் அந்தக் கனமான சட்டியைப் பரணில் போட்டுவிட்டாள். கேட்டால், "ரெண்டு பேருக்கு எதுக்குட்டி" என்பாள்.

சாலையைத் திரும்பக் கடந்தபோது எந்தப் பெண்ணும் என் கையைப் பிடிக்கவில்லை. டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானே கடந்தேன். வீட்டுக்கு வந்து தோசையைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவ்வளவு சந்தோஷமாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கண் சிவந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்லட்டி, மழையில நனஞ்சது" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

மழை பெய்தது உண்மைதான். ஆனால் நான் எந்த நேரத்தில் சாலையைக் கடந்தேனோ அந்த நேரத்திலா அவளுக்கு நடுக்கம் ஆரம்பித்தது? அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது சொன்னால், சத்தியத்தை மீறியதையும் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு கிடக்கிறவளிடம், உன் தலையில் அடித்ததை நான் மதிக்கவில்லை என்று சொல்வதா? சொல்லாவிட்டால் நாளை கேட்டரிங் கூட்டும் பாயசமும் உங்கள் முன்னால் இருக்கும். அவள் தான் சமைத்தது எதுவும் இல்லாத இலைக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்பாள். உங்களுக்குத் தன் கைச்சமையல் எதுவுமே பிடிக்கவில்லை என்று நினைத்தபடியே நிற்பாள்.

டப்பா என் முன்னால்தான் இருக்கிறது. மூடி இறுகிப்போயிருந்தது, பாவாடை நுனியைச் சுற்றித் திருகினேன். அடியில் கொஞ்சம் இருக்கிறது, அப்பா. நீங்கள் யாருக்கும் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது. நிறம் மங்கியிருக்கிறது. ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். காரம் போய்விட்டது, எண்ணெய் வாடை வந்துவிட்டது. ஆனால் எள் நறநறவென்றது. அத்தர் கடை வாசல், ஸ்கூட்டரின் சூடான சீட், தலைக்கு மேலே தட்டோடு நீங்கள் வருவது எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன.

எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் விட வேண்டும். அவள் எழுந்து நின்றுவிட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த டப்பாவை அவள் கையில் கொடுப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன், அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். பரணில் ஏறி அந்தச் சட்டியை நானே இறக்கித் தருவேன். நாளை உங்கள் இலையில் யாதகிரியின் தோசையும், அதன் மேல் அம்மா புதிதாக அரைத்த பொடியும் இருக்கும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு சாலையாகக் கடந்து, நீங்கள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன முதலாளியை நான் கூட்டிக்கொண்டு போவேன். இந்த முறை யார் தலையிலும் அடிக்கவில்லை. உங்கள் டப்பாவின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மாமாவின் குறட்டை ஹாலில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படியென்றால் எழுந்தது யார்?

பேப்பர் பிரிக்கும் சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. வெகுநேரம் இல்லை. இப்போது செருப்பு தேய்கிற சத்தம் என் அறைப் பக்கம் வருகிறது. நடக்கிறாள், அப்பா. எழுந்து நடக்கிறாள்.

கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி, உள்ள லைட்டு எரியுது. முழிச்சுத்தான் இருக்கியா? ஃப்ரிட்ஜ்ல உருதுப் பேப்பர்ல தோசை இருக்கு. அந்தக் கடைத் தோசைதான? யாருட்டி வாங்கியாந்தா?"

திறக்கப் போகிறேன். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
பொடி சாபின் மகள்,
பேச்சியம்மாள் கம்பெனி